புரை: குற்றமா, குடியிருப்பா?
மின்முலாம், நானோ பற்றி நம் மலர்களில் வரும் கட்டுரைகள் – ஒரு திறனாய்வு

முன்னுரை

நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பக்கத்துத் தமிழன்பர்கள் வெளியிடும் ஆண்டு மலர்களில் அறிவியல் கட்டுரை ஒன்றாவது இடம்பெறுவது வழக்கம். இலக்கியம் பத்து என்றால் அறிவியல் ஒன்று. அந்த ஒன்றிலும் மின்முலாமும் நானோவும் அடிக்கடி வருகின்றன. மின்முலாம் கண்டவர் அகத்தியர், நானோ நுட்பம் தமிழன் தந்தது என்பது அவற்றின் சாரம். படித்து முடித்தால் நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் ஒரு செப்புத் தகட்டில் பொன் எப்படி ஏறுகிறது, ஏறிய பொன் ஏன் ஆறு மாதத்தில் பச்சை காட்டுகிறது என்று கேட்டால், அந்தக் கட்டுரையில் விடை கிடைப்பதில்லை.

அடியேன் கல்லூரி வாசல் மிதித்தவனல்லன். வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடும்பம். பிழைப்புக்காக இந்த எல்லைக்கு வந்து பித்தளை, வெண்கலம், கவரிங் என்று உலோகத்தோடு நாற்பது ஆண்டு பழகியவன். உலோக நானோ துகள்களில் நுண்புரைகளை மின்சாரத்தால் அளவோடு உண்டாக்கும் புதிய ஆய்வுகளைச் சில ஆண்டுகளாக முயன்று படித்து வருகிறேன். அந்த ஆய்வுகளை உரைகல்லாக வைத்து நம் கட்டுரைகளை உரசிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். எழுதிய அன்பர்கள் யாரையும் புண்படுத்துவது நோக்கமன்று. ஆகவே பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

1. சொல் ஆய்வு

உள்ளே சிறு சிறு வெற்றிடங்கள் நிறைந்திருக்கும் தன்மையை நுண்துளைமை என்றும் புரைமை என்றும் நம்மவர் எழுதுகிறார்கள். இவற்றுள் புரை என்னும் சொல் ஆழ்ந்து நோக்கத்தக்கது.

புரை என்றால் உட்டுளை, உள்வெற்றிடம். புரையோடிய புண் என்கிறோம். அதே சொல்லுக்குக் குற்றம் என்றும் பொருள் உண்டு. திருக்குறளில் வாய்மை அதிகாரத்தில் இச்சொல் குற்றம் என்னும் பொருளில் ஆளப்பட்டுள்ளது. உள்ளே வெற்றிடம் இருந்தால் அது குறைதான் என்று மொழியே தீர்ப்புச் சொல்லிவிட்டது போலத் தோன்றும்.

ஆனால் வழக்கு அத்தோடு முடியவில்லை. தொல்காப்பிய உரியியல் புரை என்பதற்கு உயர்வு என்றும் பொருள் சொல்கிறது. நம்ம ஊர்ப் பேச்சுக்கு வந்தால் புரை என்றாலே வீடு. மலையாளத்தில் புர, விளவங்கோடு, கல்குளம் பக்கத்துத் தமிழில் பெரை. ஓலைப்பெரை, விறகுப்பெரை என்று இன்றும் சொல்லுவாங்க. திருவிதாங்கூர்ப் பத்திரங்களில் வீடும் வீட்டைச் சுற்றிய நிலமும் புரையிடம் என்றே எழுதப்படும். 1956 நவம்பர் 1ஆம் தேதி கல்குளமும் விளவங்கோடும் தமிழகம் சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கல் நடுவே வந்தது. புரையிடம் இரு பக்கமும் புரையிடமாகவே இருக்கிறது.

ஆக, ஒரே சொல் குற்றத்தையும் குறிக்கிறது, குடியிருக்கும் இடத்தையும் குறிக்கிறது. மின்முலாம் என்னும் கலையின் வரலாறும் ஏறத்தாழ இதே பாதையில்தான் போயிருக்கிறது. முதல் நூறு ஆண்டுக்கு மேல் புரை அங்கே குற்றம். இப்போது அதே புரை குடியிருப்பு.

2. புரை குற்றமாகும் இடம்

முதலில் தொழிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உலோக உப்பு கரைந்த நீரில் இரண்டு தகடுகளைத் தொங்கவிட்டு மின்சாரம் செலுத்தினால், எதிர்முனையில் உள்ள பொருளின் மேல் உலோகம் அணு அணுவாகப் படிகிறது. வோல்ட்டா மின்கல அடுக்கை அறிவித்தது 1800இல். 1805இல் இத்தாலியில் புருக்னதெல்லி வெள்ளிப் பதக்கங்களுக்கு இம்முறையில் பொன்முலாம் ஏற்றினார். 1840இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் எல்கிங்டன் குடும்பத்தார் சயனைடு கரைசலுக்குக் காப்புரிமை பெற்றபின் அது பெருந்தொழிலாயிற்று. 1916இல் வாட்ஸ் என்பவர் வகுத்த நிக்கல் கரைசல் இன்றும் பட்டறைகளில் ஓடுகிறது.

இவற்றுக்கெல்லாம் கணக்குக் கொடுத்தவர் ஃபாரடே. 1830களில் அவர் கண்ட விதிப்படி, ஒரு ஆம்பியர் மின்சாரம் ஒரு மணி நேரம் வீணாகாமல் ஓடினால் வெள்ளி 4.025 கிராம் படியும், செம்பு 1.186 கிராம், நிக்கல் 1.095 கிராம். தராசு தொட்ட எவனுக்கும் இந்த விதி பிடித்துப்போகும். போட்ட மின்சாரத்துக்கு வந்த சரக்கு.

இனி கவரிங் நகைக்கு வருவோம். கடைத்தெருவில் ஒரு கிராம் தங்கம் என்று விற்கிறார்கள். உண்மையாகவே 1 கிராம் தங்கத்தை 100 சதுர சென்டிமீட்டர் பரப்பில் சீராகப் பூசினால் தடிப்பு சுமார் 5 மைக்ரான் வரும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதே பரப்புக்கு 0.2 மைக்ரான் மட்டும் பூசினால் தேவைப்படும் தங்கம் 39 மில்லிகிராம். ஃபாரடே கணக்குப்படி ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு மின்சாரம் மூன்று நிமிடம் ஓடினால் அவ்வளவு தங்கமும் ஏறிவிடும். இரண்டும் கண்ணுக்கு ஒரே மஞ்சள்.

வேறுபாடு புரையில் தெரியும். மெல்லிய பூச்சில் அடி உலோகம் வரை போகும் ஊசித்துளைகள் நிறைய இருக்கும். பூச்சு தடிக்கத் தடிக்க அவை மூடும். துளை உண்டாகக் காரணங்கள் பல. அடித்தகட்டைச் சரியாக மெருகு போடாமை, மெருகுக் கூழ் ஒட்டியிருத்தல், கரைசலில் தூசு ஆகியன சில. முக்கியமான காரணம் ஹைட்ரஜன் குமிழி. உலோகம் படியும்போதே நீரிலிருந்து சிறிது ஹைட்ரஜனும் பிரிந்து வரும். குமிழி தகட்டில் ஒட்டிக்கொண்டால் அது இருக்கும் இடத்தில் உலோகம் படியாது. அங்கே ஒரு பள்ளம். பட்டறைக்காரர்கள் இதைப் பிட்டிங் என்பார்கள்.

பொன்னுக்கு அடியில் செம்பிருந்தால் இத்துளை வெறும் அழகுக் குறைவல்ல. வியர்வை உள்ளே இறங்கும்போது பொன்னும் செம்பும் சேர்ந்து ஒரு சிறு மின்கலமே ஆகிவிடும். பொன் கரையாது, செம்புதான் கரையும். பொன் பூசாத செம்பைவிடத் துளையுள்ள பூச்சின் அடியில் உள்ள செம்பு அந்தத் துளை வாயில் விரைந்து அரிக்கப்படும். கழுத்தில் தெரியும் பச்சை அதுதான். இரும்பின் மேல் துத்தநாகம் பூசினால் கதை மாறும். அங்கே துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும். துளை இருந்தாலும் ஓரளவு பிழைக்கும். பொன்னுக்கும் செம்புக்கும் நடுவே நிக்கல் கொடுப்பதும், நிக்கல் கரைசலில் சோப்புக் குடும்பத்தைச் சேர்ந்த சோடியம் லாரில் சல்பேட்டைச் சிறிதளவு சேர்த்துக் குமிழி ஒட்டாமல் செய்வதும், கரைசலைக் கலக்கிக்கொண்டே இருப்பதும் இத்துளைகளைக் குறைக்கும் வழிகள்.

சோதிக்கவும் வழி உண்டு. இரும்பின் மேல் நிக்கல் பூசியிருந்தால், உப்பும் பெர்ரிசயனைடும் கலந்த நீரில் நனைத்த தாளை அதன் மேல் ஒட்டி வைப்பார்கள். துளை இருக்கும் இடமெல்லாம் தாளில் நீலப் புள்ளி விழும். புள்ளியை எண்ணிப் பூச்சின் தரம் சொல்லலாம்.

எனக்குச் சரக்கு அனுப்பிய ஒரு மொத்த வியாபாரி ஐந்து வருட கேரண்டி என்று அட்டையில் அச்சடித்துத் தந்தார். பூச்சின் தடிப்பு எவ்வளவு என்று கேட்டதற்கு நல்ல தடிப்பு என்று பதில் வந்தது. தாலிச் சங்கிலிக்குப் பொன் வாங்க முடியாமல் கவரிங் வாங்கிப்போன ஒரு தாய் நாலு மாதத்தில் திரும்பி வந்தார். சண்டை போடவில்லை, கைக்குட்டையைப் பிரித்துக் காட்டிவிட்டு நின்றார். நல்ல தடிப்பு என்னும் சொல்லுக்கு விலை கொடுத்தவர் அவர். மலர்க் கட்டுரைகளில் மிகப் பெரிய, மிக நுண்ணிய, மிகப் பழைய என்று அடைமொழி வரும்போதெல்லாம் அந்தக் கேரண்டி அட்டை எனக்கு நினைவு வருகிறது.

3. புரை குடியிருப்பாகும் இடம்

மண்பானை தண்ணீரைக் குளிர வைப்பது அதன் புரையால்தான். பானைச் சுவர் வழியே நீர் கசிந்து ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பம் போகிறது. புரையில்லாத எவர்சில்வர் குடத்துக்கு அந்தப் பேறு இல்லை. புரை எப்போதும் குற்றமல்ல என்பதற்கு நம் வீட்டு மூலையே சாட்சி.

உலோகத்துக்கும் இது பொருந்தும். பொற்கொல்லர்கள் பழைய பொன்னில் உள்ள வெள்ளியைப் பிரிக்க, வெள்ளி மிகுதியாகும்படி உருக்கிச் சேர்த்துத் தட்டி, நைட்ரிக் திராவகத்தில் போடுவார்கள். வெள்ளி கரைந்து போகும், பொன் மிஞ்சும். மிஞ்சிய பொன் மஞ்சளாக இராது, பழுப்பாக இருக்கும். வெள்ளி இருந்த இடமெல்லாம் வெறுமையாகி, பொன் பஞ்சுபோல் நிற்பதே காரணம். சூடேற்றினால் புரை அடைந்து மஞ்சள் திரும்பும். இந்தப் பழுப்புப் பொன்தான் இன்று நுண்புரைப் பொன் என்று ஆய்வுக்கூடங்களில் பேசப்படுவது. வெள்ளி கரையும்போது பொன் அணுக்கள் எப்படி நகர்ந்து அந்த வலைப்பின்னலைக் கட்டுகின்றன என்பதை எர்லபேக்கரும் உடன் ஆய்வாளர்களும் 2001இல் விளக்கினர்.

புரையால் என்ன லாபம்? பரப்பு. ஒரு கன சென்டிமீட்டர் பொன் 19.3 கிராம், ஏறத்தாழ இரண்டரைப் பவன். கட்டியாக இருந்தால் அதன் ஆறு முகங்களும் சேர்ந்து 6 சதுர சென்டிமீட்டர்தான். அதையே பக்கத்துக்கு 10 நானோமீட்டர் உள்ள சிறு கட்டிகளாக அறுத்துவிட்டதாக எண்ணிக்கொண்டால் மொத்தப் பரப்பு 600 சதுர மீட்டர். நம்ம ஊர்க் கணக்கில் சுமார் 15 சென்ட். இரண்டரைப் பவனுக்குள் பதினைந்து சென்ட் புரையிடம்! வேதிவினை நடப்பது உலோகத்தின் மேற்பரப்பில்தான். எரிபொருள் கலத்தில் பிளாட்டினம், மின்கலத்தில் தகரம், இரத்தச் சர்க்கரை அளக்கும் உணரியில் பொன் என்று விலையுயர்ந்த உலோகத்தைக் கொஞ்சமாகப் போட்டு நிறைய வேலை வாங்க வேண்டுமானால் அதற்குள் புரை வேண்டும்.

அந்தப் புரையை மின்சாரத்தால் எப்படி அளந்து உண்டாக்குகிறார்கள்? மூன்று வழிகளை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, குமிழி வழி. அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் ஷின், டோங், லியு ஆகிய மூவர் 2003இல் வெளியிட்ட ஆய்வு இது. செம்புக் கரைசலில் அமிலத்தைக் கூட்டி, சாதாரணத் தொட்டியில் ஓடுவதைப் போல நூறு மடங்கு அளவுக்கு மின்சாரத்தை ஏற்றினார்கள். குமிழிகள் பொங்கி எழுந்தன. குமிழி இருக்கும் இடத்தில் செம்பு படியாது; அதைச் சுற்றித்தான் படியும். சில வினாடிகளில் தேன்கூடுபோல் செம்பு நுரை நின்றது. கூட்டின் சுவர்களை உற்றுப் பார்த்தால் அவையும் நானோ அளவுத் துகள்கள் கிளைகிளையாகக் கோத்தவை. குமிழிகள் மேலே போகப் போக ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாவதால் அடியில் சிறு புரை, மேலே பெரும் புரை. சிறிது அசிட்டிக் அமிலம் சேர்த்தால் குமிழிகள் சேர்வது குறைந்து புரை சிறுக்கும்.

இரண்டாவது, சோப்பு வழி. சோப்பு மூலக்கூறுகள் நீரில் அடர்ந்திருந்தால் தாமாகவே உருளை உருளையாக அணிவகுக்கும். அந்த உருளைகளின் இடுக்கில் உலோகத்தைப் படியவைத்து, பிறகு சோப்பைக் கழுவி எடுத்தால் உருளை இருந்த இடம் புரையாகும். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் அட்டார்ட், பார்ட்லெட் முதலியோர் 1997இல் பிளாட்டினத்தில் இவ்வாறு இரண்டு மூன்று நானோமீட்டர் அகலப் புரைகளைத் தேன்கூட்டு ஒழுங்கில் அமைத்துக் காட்டினர். ஜப்பானில் யமௌச்சியின் குழுவினர் 2015இல் பொன்னிலேயே இதைச் செய்தனர். அவர்கள் சோப்புக்குப் பதில் நீண்ட பாலிமர் மூலக்கூறுகளின் உருண்டைகளைப் பயன்படுத்தினர். உருண்டையின் பருமனை மாற்றினால் புரையின் பருமன் மாறும்.

மூன்றாவது, துடிப்பு வழி. இது துகளின் எண்ணிக்கையையும் பருமனையும் ஆள்வது. மின்னழுத்தத்தை நொடியில் சிறு பங்கு நேரம் பலமாகக் கொடுத்தால் தகட்டில் ஏராளமான வித்துக்கள் விழும். உடனே தணித்துவிட்டால் புதிய வித்து விழாது. விழுந்தவை மட்டும் வளரும். நெருக்கமாக விதை தூவி, அப்புறம் நிதானமாக நீர் பாய்ச்சுவது போல. பலமாகவே ஓட்டிக்கொண்டிருந்தால் துகள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிளைத்துக் கண்டபடி இடைவெளி விழும்.

இவ்விடத்தில் வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கவரிங் பட்டறையில் விரட்டியடித்த குமிழி இங்கே கொத்தனார். நிக்கல் தொட்டியில் துளையை மூட வந்த சோப்புக் குடும்பம் இங்கே புரையைத் திறக்கிறது. பொருள் மாறவில்லை. மாறியது அளவு: எவ்வளவு மின்சாரம், எவ்வளவு நேரம், எவ்வளவு செறிவு. அளவு தெரியாதவன் கையில் புரை குற்றம். அளவு தெரிந்தவன் கையில் அதுவே குடியிருப்பு. கட்டுப்பாடு என்று அறிவியலார் சொல்வது இதைத்தான்.

4. அகத்தியர் மின்கலம்: ஒரு பரிசோதனை

இனி நம் மலர்களின் முதன்மையான வாதத்தை எடுத்துக்கொள்வோம். அகத்திய சம்ஹிதை என்னும் நூலில் உள்ளதாகச் சில வடமொழிச் சுலோகங்கள் வலம் வருகின்றன. மண்கலத்தில் நன்கு துலக்கிய செப்புத் தகட்டை வை, மயில்துத்தம் இடு, ஈரமான மரத்தூள் பரப்பு, மேலே பாதரசம் பூசிய துத்தநாகம் வை, ஒளி பிறக்கும் என்பது கருத்து. இத்தகைய கலங்கள் நூறு சேர்த்தால் நீர் இரு வாயுக்களாகப் பிரியும், செம்பின் மேல் பொன் ஏறும் என்றும் தொடர்கிறது. இதை வைத்துப் பொதிகை முனிவர் மின்முலாம் கண்டார் என்று எழுதுகிறோம். அகத்தியர்கூடம் நம் கண்ணெதிரே நிற்கும் மலை. நெய்யாறு பிறப்பதே அங்கேதான். ஆசை வருவது இயல்பு.

ஆனால் சரக்கு வந்தால் பட்டியலில் தேதி பார்ப்பது வியாபாரி வழக்கம். இந்தச் சுலோகங்களில் தேதி வெளியே எழுதப்படவில்லை; உள்ளே இருக்கிறது.

துத்தநாகத்தை எடுத்துக்கொள்வோம். பித்தளை பழையது, செம்போடு துத்தநாகக் கல்லைக் கரியிட்டு மூடிச் சுட்டால் தனித் துத்தநாகம் இல்லாமலே பித்தளை கிடைத்துவிடும். தனித் துத்தநாகம் அப்படியல்ல. சூட்டில் ஆவியாய்ப் போகும் உலோகம் அது. வாலை வைத்து வடித்தால்தான் கையில் நிற்கும். இராஜஸ்தானத்துச் சாவாரில் அவ்வாறு வடித்த உலைகள் அகழ்ந்து காணப்பட்டுள்ளன. பெருமளவில் அது நடந்தது சுமார் 12ஆம் நூற்றாண்டு முதல். இது உலகமே வியக்கும் இந்தியச் சாதனை. ஆனால் அதன் காலம் சங்க காலம் அன்று.

அதன் மேல் பாதரசம் ஏன்? துத்தநாகத் தகடு மின்கலத்தில் தானாகவே அரிபட்டு வீணாகும். பாதரசம் பூசினால் வீணாவது குறையும். மின்கலம் செய்து, அது வீணாவதைப் பார்த்து, அதன் பிறகே ஒருவனுக்கு இந்த யோசனை வரும். ஐரோப்பாவில் இது 1830ஐ ஒட்டி வந்தது. செம்பும் மயில்துத்தமும் ஒரு பக்கம், துத்தநாகம் மறுபக்கம், நடுவே நீரை விட்டும் கலக்கவிடாத ஒரு தடுப்பு என்ற அமைப்பு 1836இல் டேனியல் செய்த மின்கலம். அவர் காலத்திலேயே அந்தத் தடுப்புக்குப் புரையுள்ள மண்கலம் பயன்பட்டது. நீரை இரு வாயுவாகப் பிரித்தது 1800. பொன்முலாம் 1805. ஆக, சுலோகத்தில் உள்ள ஒவ்வோர் உறுப்பும் 1800க்கும் 1840க்கும் இடையே ஐரோப்பாவில் படிப்படியாகத் தவறித் தவறிக் கண்டவை. இங்கே அவை முன்னும் இல்லாமல் பின்னும் இல்லாமல் ஒரே இடத்தில் முழுதாக வந்து நிற்கின்றன. இப்படி ஒரு கலை தொன்றுதொட்டு இருந்திருந்தால் அதைச் செய்த பட்டறை, கெட்டுப்போன தகடு, திருத்திய உரை, தொழிற்சொல் என்று நூறு தடயம் இருக்கும். வாலை வடித்தவன் சாவாரில் மலைமலையாகக் குடுவைகளை விட்டுப் போயிருக்கிறான். சுலோகங்கள் 19ஆம் நூற்றாண்டு மின்கலத்தைப் பார்த்து எழுதியவை என்பதே என் முடிவு.

மற்ற இரண்டு மேற்கோள்களும் இத்தன்மையன அல்ல. அவை உண்மையான ஆய்வுகள். 2006இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் ஆய்வாளர்கள் 17ஆம் நூற்றாண்டு டமாஸ்கஸ் வாள் ஒன்றில் கார்பன் நானோ குழாய்களைக் கண்டதாக வெளியிட்டனர். அவ்வகை வாளுக்கு மூலப்பொருள் தென்னாட்டு உருக்கு. 2020இல் கீழடிப் பானை ஓடுகளின் கரும்பூச்சில் கார்பன் நானோ குழாய்கள் இருப்பதாக வேலூர் ஆய்வாளர் குழு வெளியிட்டது. இவை பெருமைக்குரியனவே. ஆனால் அவை சொல்வது, பொருளுக்குள் நானோ இருந்தது என்பது. நாம் எழுதுவது, முன்னோர் நானோ அறிந்தனர் என்பது. இடையிலே ஆறு ஓடுகிறது. சூளைக்காரன் அறிந்தது தீயை. எந்த விறகு, எத்தனை நாழிகை, எப்போது மூடுவது என்ற அளவு அவன் கையில் இருந்தது. பூச்சு இத்தனை நூற்றாண்டு உதிராமல் நின்றதற்கு அதுவே காரணம். அவன் உண்மையாக அறிந்ததைப் பாராட்டாமல் அவன் அறியாததை அவன் தலையில் ஏற்றுவது மரியாதையாகாது.

சித்த மருத்துவப் பற்பங்களும் அவ்வாறே. அவற்றில் நானோ அளவுத் துகள்கள் காணப்பட்டதாக ஆய்வுகள் வந்துள்ளன. நம்மவர் துள்ளிக் குதிக்கிறார்கள். ஆனால் பற்பம் முடிந்ததா என்று பார்க்க, நீரில் மிதக்கிறதா, விரல் ரேகையில் படிகிறதா, உலோகப் பளபளப்புப் போயிற்றா என்று வைத்தியர்கள் சோதித்தார்களே, அதை எந்த மலரும் விரித்து எழுதுவதில்லை. பாராட்ட வேண்டியது அந்தச் சோதனையை. அதுவும் ஓர் அளவுகோல்தான்.

எங்கள் சமணர் மலர்களுக்கும் இதே தீர்ப்பு. பரமாணு என்று எங்கள் நூல்கள் சொல்வதை எடுத்து, டால்டனுக்கு முன்பே அணுவைக் கண்டோம் என்று எழுதுகிறார்கள். பகுக்க முடியாத பொருள் ஒன்று இருந்தாக வேண்டும் என்பது தருக்கத்தால் எட்டிய முடிவு; உயர்ந்த முடிவு. டால்டன் 1808இல் எழுதியது எடைபோட்டு எட்டியது. இரண்டையும் ஒன்றாக்கினால் இரண்டும் சிறுக்கும். பாறசாலையிலிருந்து சிதறால் மலை அதிக தூரமில்லை. அங்கே பாறையில் தீர்த்தங்கரர்களைச் செதுக்கிய சிற்பி, உளியின் ஒரு வீச்சு அதிகமானால் திருமுகம் போய்விடும் என்று அறிந்தவன். எங்களுக்கு அவன் போதும்.

5. எழுதாமல் விட்டது

அகத்தியரைப் பற்றி இத்தனை கட்டுரை வந்த மலர்களில் காரைக்குடியைப் பற்றி ஒன்றை நான் பார்த்ததில்லை. இந்தியாவில் மின்வேதியியலுக்கென்றே அமைந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் தமிழ் மண்ணில், காரைக்குடியில் இருக்கிறது. அதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் வள்ளல் அழகப்பச் செட்டியார், ஒரு வியாபாரி. 1948 ஜூலை 25இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கல் நாளில், டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். முலாம், அரிமானம், மின்கலம் என்று அங்கே நடக்கும் ஆய்வுகள் நம் பட்டறைகளோடு நேரடித் தொடர்புள்ளவை. மண்டபம் கடற்கரையில் உப்புக்காற்றில் உலோகங்களை வைத்து, எவ்வளவு காலத்தில் எவ்வளவு அரிபடுகிறது என்று அளக்கிறார்கள். கடற்கரை ஊர்க்காரர்களான நமக்கு இதைவிடத் தேவையான அறிவு வேறென்ன?

நம் வாசலிலேயே, நெய்யாற்றின்கரையிலிருந்து பஸ்ஸில் திருவனந்தபுரம் போகும் வழியில் பாப்பனங்கோட்டில், 1975இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் ஆய்வுக்கூடம் ஒன்று உள்ளது. பொருளியல் ஆய்வுக்குப் பெயர்பெற்றது. அந்த மதிலைத் தாண்டிப் போகும் நம் பிள்ளைகளுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தமிழில் சொல்ல ஒரு வரி இல்லை. மலையாளம் பள்ளிக்கூடத்தில் கிடைக்கும், ஆங்கிலம் பிழைப்புக்குக் கிடைக்கும். தமிழ் இந்த எல்லையில் வீட்டிலும் மலரிலும்தான் கிடைக்கிறது. அந்த மலரிலும் தேதி தவறிய சரக்கைக் கொடுத்தால், அறிவியல் என்றால் ஆங்கிலம், தமிழ் என்றால் பழம்பெருமை என்று பிள்ளைகள் பிரித்து வைத்துவிடுவார்கள். ஏற்கெனவே வைத்துக்கொண்டிருக்கிறார்கள். இக்கட்டுரை எழுதத் தூண்டியது இந்தக் கவலையே.

6. சொல் பற்றி ஒரு கருத்து

கலைச்சொல் இல்லை என்று இனிச் சாக்குச் சொல்ல முடியாது. மணவை முஸ்தபா போன்றோர் வாழ்நாள் முழுதும் உழைத்துத் தொகுதி தொகுதியாகத் தந்து போயிருக்கிறார்கள். குறை, சொற்களை வேறுபாடில்லாமல் ஆள்வதில் இருக்கிறது. பூச்சின் அடிவரை ஊடுருவிப் போவதையும், உலோகத்தின் உள்ளே இடம் தருவதையும் ஒன்றாக நுண்துளை என்கிறோம். முன்னதை ஊசித்துளை என்றும் பின்னதைப் புரை என்றும் பிரித்து வழங்கினால் தெளிவு கிடைக்கும். அதுபோல, மேலே பூசுவது மின்முலாம். துகளாகவும் நுரையாகவும் படியச் செய்வதை மின்படிவு எனலாம். கவரிங், பிட்டிங் போன்ற பட்டறைச் சொற்களை ஒதுக்க வேண்டியதில்லை. தொழிலாளி வாயில் வாழும் சொல்லுக்குப் பக்கத்தில் புதுச்சொல்லை உட்கார வைத்தால்தான் புதுச்சொல் பிழைக்கும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் சில கருத்துக்கள் பெறப்படும். மின்முலாமில் புரை என்பது தன்னளவில் குற்றமும் அன்று, குணமும் அன்று. மின்சாரத்தின் அளவும் நேரமும் கரைசலின் சேர்மானமுமே அதைத் தீர்மானிக்கின்றன. அளவை மாற்றினால் விளைவு எப்படி மாறும் என்று சொல்ல முடிந்தவனே அக்கலையை அறிந்தவன். இந்த உரைகல்லில் அகத்தியர் மின்கலம் நிற்கவில்லை. கீழடிக் குயவனும் சாவார் உலைக்காரனும் பற்பம் சோதித்த வைத்தியனும் நிற்கிறார்கள்.

மலர்க் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். அறிவியல் கட்டுரை வந்தால் அதில் ஓர் எண்ணாவது, ஓர் அலகோடு, இருக்கிறதா என்று பாருங்கள். எத்தனை கிராம், எத்தனை ஆம்பியர், எந்த ஆண்டு. இருந்தால் அச்சிடுங்கள். இல்லையேல் எழுதியவரிடமே அன்போடு திருப்பிக் கொடுத்து, கேட்டு வாங்குங்கள். தாலிச் சங்கிலியைக் கைக்குட்டையில் முடிந்து வருகிறவர்களுக்கு, அடுத்த முறை எத்தனை மைக்ரான் என்று கேட்டு வாங்கும் துணிவை நம் மலர் கொடுக்குமானால், தமிழ் வளர்த்த புண்ணியம் அதில் அடங்கும்.